புல்லைப் புகழ்வார், ஆட்டை விரட்டுவார்!

கோல்ஃப் என்றதும் நம்மில் பலருக்கு ஒரே காட்சிதான் கண்முன் வரும். காரில் வந்திறங்கும் கனவான். அவர் பின்னால் மட்டைப் பையைச் சுமந்து நடக்கும் ஏழைப் பையன். நகரத்து நடுவே வேலி போட்டு வளைத்த பச்சைப்பசேல் மைதானம். "இது சீமான்களின் பொழுதுபோக்கு. அதன் புல்லைப் பற்றி நமக்கென்ன பேச்சு?" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த விளையாட்டு பிறந்த மண்ணுக்குப் போய்ப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. அங்கே அந்தப் புல் ஊரின் மேய்ச்சல் தரை. சீமான்கள் அதன் மீது கை வைத்த ஒவ்வொரு தடவையும் ஊர் ஜனங்கள் எதிர்த்து நின்றிருக்கிறார்கள். அந்தச் சண்டை இன்றும் ஓயவில்லை.

ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் அந்த நிலத்துக்கு 'லிங்க்ஸ்' என்று பெயர். கடலுக்கும் கழனிக்கும் நடுவே மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் மணல் தரை. ஏர் பூட்ட முடியாது. விதைத்தால் விளையாது. நம் ரெவினியூ கணக்கில் எழுதுவதென்றால் 'மேய்கால் புறம்போக்கு' என்று எழுத வேண்டிய நிலம்.

இன்றைக்கு உலகத்துப் பணக்கார ஆட்டக்காரர்கள் விமானம் ஏறி இந்த லிங்க்ஸ் மைதானங்களைத் தேடி வருகிறார்கள். 'கலப்படமில்லாத இயற்கை', 'பழைய கிராமியக் களை' என்று விளம்பரங்கள் அழைக்கின்றன. வந்து இறங்கிய மறுநாளே புகார்ப் பட்டியல் விரிகிறது. புல் பழுப்பாக இருக்கிறதாம். ஆட்டுப் புழுக்கை காலில் ஒட்டுகிறதாம். குதிரைக் குளம்பு பதிந்த குழியில் பந்து விழுந்துவிட்டதாம். ஊர்க்காரன் நாயைக் கூட்டிக்கொண்டு குறுக்கே நடக்கிறானாம். "இவ்வளவு காசு கொடுத்து இதற்கா வந்தோம்?" என்று முகம் சுளிக்கிறார்கள்.

அதாவது, கிராமியக் களை வேண்டும், கிராமம் வேண்டாம்! இந்த இரட்டை நாக்கைத்தான் இங்கே விசாரிக்கப் போகிறோம்.

புல்லை வெட்டியது யார்?

முதலில் புல்லைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிடுவோம். லிங்க்ஸ் மண்ணில் சத்து குறைவு. மழை பெய்தால் தண்ணீர் நிற்காமல் மணலில் இறங்கிவிடும். உப்புக் காற்று ஓயாமல் வீசும். இந்தப் பஞ்சத்தில் பிழைக்கத் தெரிந்த புற்கள் சிலவே. ஊசிபோல் மெல்லிய இலை கொண்ட ஃபெஸ்க்யூ. அதற்குத் துணையாக பென்ட். கடலோரக் குன்றுகளில் மணலை வேரால் கட்டிப் பிடிக்கும் மாரம். ஃபெஸ்க்யூ கொஞ்சத் தண்ணீரில் வாழும். வெயிலில் காய்ந்து பழுப்பாகும், சாகாது. அடுத்த மழைக்கு மறுபடி துளிர்க்கும்.

சரி, அந்தப் புல்லைப் பந்து உருளும்படி தரையோடு ஒட்ட வெட்டியது யார்? 1457-ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்துப் பார்லிமெண்ட், வில் பயிற்சி கெடுகிறதென்று கோல்ஃப் ஆட்டத்துக்குத் தடை போட்டது. அப்படியானால் அதற்கு முன்பிருந்தே ஆட்டம் நடந்திருக்கிறது. புல் வெட்டும் இயந்திரமோ 1830-ல்தான் பிறந்தது. இடையில் ஏறக்குறைய நானூறு ஆண்டு. அத்தனை காலமும் அந்தத் தரையை வெட்டியவை ஆட்டின் பல்லும் முயலின் பல்லும்தான்! ஓயாமல் கடித்துக் கடித்து, உயரமாக வளரும் முரட்டுப் புற்களை அவை ஒடுக்கின. கடிபட்டும் தழைக்கும் மெல்லிய புல் நெருங்கி அடர்ந்தது. காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் படுத்துப் படுத்துத் தேய்ந்த பள்ளங்கள்தான் இன்றைய 'பங்க்கர்' என்னும் மணல் குழிகள் என்று அந்த ஊர்களில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

எந்த எஞ்சினியரும் வரைபடம் போட்டு இதைச் செய்யவில்லை. மணலும் காற்றும் ஆடும், ஆட்டை ஓட்டி வந்த குடியானவனும் சேர்ந்து உண்டாக்கிய தரை இது.

இதைக் கெடுப்பது சுலபம். தண்ணீரை ஊற்று, உரத்தைக் கொட்டு, போதும். சத்து ஏறியதும் 'போவா' என்னும் ஆண்டுப் புல் நுழைந்துவிடும். பார்வைக்குப் பச்சை, வேர் மேலோடு நிற்கும். வெயிலைத் தாங்காது, நோயைத் தாங்காது. அதைக் காப்பாற்ற இன்னும் தண்ணீர், இன்னும் உரம், அதற்கு மேல் பூஞ்சைக் கொல்லி மருந்து. கடன்காரன் வட்டி கட்டக் கடன் வாங்குகிற கதை! ஜிம் ஆர்தர் என்ற புல்தரை நிபுணர் பல பத்தாண்டுகள் இதைத்தான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தை டெலிவிஷனில் பார்த்துவிட்டு, "எங்களுக்கும் அப்படிப் பச்சை வேண்டும்" என்று அடம்பிடித்த கிளப் அங்கத்தினர்களோடு அவர் சண்டை போடாத நாளில்லை.

பழுப்புப் புல் கெட்ட புல் என்பவர்கள் 2006-ஐ நினைத்துப் பார்க்கட்டும். அந்தக் கோடையில் ஹாய்லேக் லிங்க்ஸில் பிரிட்டிஷ் ஓபன் நடந்தது. வெயிலில் தரை வறுபட்டு, வைக்கோல் நிறத்தில் கிடந்தது. பந்து விழுந்த இடத்தில் நிற்காமல் ஓடியது. தூரம் அடிக்கும் பெரிய மட்டையை நான்கு நாளில் ஒரே ஒரு தடவை மட்டும் எடுத்து, மற்றதையெல்லாம் கணக்குப் போட்டு ஆடி டைகர் வுட்ஸ் ஜெயித்தார். புத்தி வேலை செய்ய வேண்டிய தரை அது; வெறும் பலத்துக்கு அங்கே மரியாதை இல்லை. அந்தப் பழுப்பை அவமானமென்று நினைப்பவருக்கு இந்த விளையாட்டே தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும்.

முயல் சண்டை

செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரின் 'ஓல்ட் கோர்ஸ்' மைதானத்தைக் கோல்ஃபின் தாய்வீடு என்கிறார்கள். 1552-ல் ஆர்ச் பிஷப் ஹாமில்டன், அந்த லிங்க்ஸில் முயல் வளர்க்க அனுமதி பெற்றபோது எழுதிக் கொடுத்த சாசனம் இருக்கிறது. ஆடு மாடு மேய்க்கவும், கோல்ஃப் உட்பட எல்லா ஆட்டங்களும் ஆடவும் ஊராருக்கு உரிமை உண்டு என்பதை அந்தச் சாசனம் ஏற்றுக்கொள்கிறது. மேய்ச்சலும் விளையாட்டும் ஒரே சாசனத்தில், ஒரே ஊர் ஜனத்தின் உரிமையாக நிற்கின்றன. இதைக் கவனியுங்கள்.

பின்பு நடந்தது என்ன? 1797-ல் நகரசபை கடனில் மூழ்கித் திவாலாயிற்று. ஊர்ச் சொத்தை விற்றது. 1799-ல் லிங்க்ஸ் டெம்ப்ஸ்டர் என்ற வியாபாரிக் குடும்பத்தின் கைக்குப் போயிற்று. அவர்கள் இறைச்சிக்கும் தோலுக்குமாக முயல்களைப் பெருக்கினார்கள். ஆயிரக்கணக்கான முயல்கள் வளை தோண்டித் தரையைச் சல்லடையாக்கின. ஊரார் எதிர்த்தார்கள். கைகலப்பு வந்தது. வழக்கு வந்தது. லண்டன் பிரபுக்கள் சபை வரை வழக்கு ஏறியது. 1821-ல் சீப் என்ற நிலச்சுவான்தார் நிலத்தை வாங்கிய பிறகுதான் முயல் வியாபாரம் ஒழிந்தது. 1894-ல் தனிச் சட்டம் செய்து நகரம் லிங்க்ஸைத் திரும்பப் பெற்றது. 1974 முதல் பொது டிரஸ்டு ஒன்று அதைப் பராமரிக்கிறது.

இந்தச் சண்டையின் பாடம் என்ன? தரையைக் கெடுத்தது முயலா? இல்லை! அதே முயல் பல நூறு ஆண்டுகள் அங்கே மேய்ந்து புல்லைச் செப்பனிட்டது. ஊர்ப் பொது நிலத்தில் அளவோடு மேய்ந்த முயல் நன்மை செய்தது. ஒருவன் லாபத்துக்காக அளவின்றிப் பெருகிய முயல் நாசம் செய்தது. குற்றவாளி முயலல்ல, முயலுக்குப் பின்னால் நின்ற வியாபாரி.

இன்றும் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஓல்ட் கோர்ஸில் சாதாரணமாக ஆட்டம் கிடையாது. ஒரு தடவை ஆட 300 பவுனுக்கு மேல் கொடுக்க உலகமே வரிசையில் நிற்கிறது. ஆனாலும் அன்றைக்கு அது ஊரார் உலாவும் இடம். குழந்தைகள் ஓடுகிறார்கள், நாய்கள் ஓடுகின்றன. மற்ற நாளிலும் முதல் குழியின் பாதையையும் பதினெட்டாவது குழியின் பாதையையும் ஒரு பொதுவழி குறுக்கே வெட்டிச் செல்கிறது. ஆட்டக்காரர் நின்று வழிவிட்டுத்தான் ஆட வேண்டும். இதனால் புல் கெட்டதா? வாரத்தில் ஒரு நாள் அதற்கு ஓய்வு கிடைக்கிறது. ஊராரின் உரிமைதான் புல்லுக்கும் மருந்து!

பானை பொங்க வைத்தவன் உரிமை

இங்கிலாந்தில் டெவன் மாவட்டத்தின் வடகரையில் நார்த்தம் என்று ஒரு ஊர். அதன் கடலோரப் பொது நிலத்தில் 1864-ல் தொடங்கிய ராயல் நார்த் டெவன் கிளப்பின் மைதானம் இருக்கிறது. துவக்கிய இடத்திலேயே இன்றுவரை ஆடிவரும் லிங்க்ஸ்களில் இங்கிலாந்திலேயே பழையது அதுதான். அங்கே இன்றைக்கும் ஆடுகளும் குதிரைகளும் ஆட்டக்காரர் நடுவே மேய்கின்றன. காரணம், மேய்ச்சல் உரிமை நார்த்தம் ஊராருடையது. உரிமையாளர்களுக்கு 'பாட்வாலப்பர்' என்று பழைய பெயர். தன் அடுப்பில் தன் பானையைப் பொங்க வைத்த குடித்தனக்காரன் என்று பொருள். பட்டா வேண்டாம், பட்டம் வேண்டாம். ஊரில் அடுப்பெரிந்தால் உரிமை உண்டு!

உரிமைக்கு ஈடாகக் கடமையும் இருந்தது. கடலைத் தடுத்து நிற்கும் கூழாங்கல் கரையைப் புயல் கலைத்துப் போடும். ஊரார் வசந்தத்தில் கூடிக் கற்களை வாரித் திரும்பக் கரைமேல் எறிவார்கள். அந்தக் கரை இல்லையென்றால் மேய்ச்சலும் இல்லை, மைதானமும் இல்லை. கனவான்கள் ஆடிய ஆட்டத்துக்கு அணை போட்டவன் பானை பொங்க வைத்தவன்தான்.

இந்த மண்ணில் பிறந்தவர் ஜே. எச். டெய்லர். 1871-ல் உழைப்பாளிக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலேயே பள்ளியை விட்டு, மட்டைப் பை சுமந்து, மைதானத்தில் புல் பராமரிக்கும் கூலியாக வேலை செய்தார். 1894 தொடங்கி 1913-க்குள் ஐந்து தடவை பிரிட்டிஷ் ஓபன் வென்றார். அந்தக் காலத்தில் ஆடிப் பிழைப்பவனைக் கிளப் கட்டடத்துக்குள் விடமாட்டார்கள். தொழில்முறை ஆட்டக்காரர்களின் சங்கத்தை 1901-ல் அமைத்தவர்களில் அவர் முன்னணியில் நின்றார். 1957-ல், எந்தக் கிளப்பின் புல்லைக் கூலிக்குப் பராமரித்தாரோ அந்தக் கிளப் அவரைத் தலைவராக்கியது. புல்லை அறிந்தவன் யார் என்பதை ஒப்புக்கொள்ள அவர்களுக்கு இத்தனை காலம் பிடித்தது.

அன்று ஆட்டுக்காக மனிதனை விரட்டினார்கள்

வட ஸ்காட்லாந்தில் சதர்லாந்து சீமை. மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் கணக்குத் தருகிறார்: 1814-க்கும் 1820-க்கும் இடையில் சதர்லாந்துச் சீமாட்டி சுமார் 15,000 குடிகளை உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளிலிருந்து விரட்டினாள். 1825-ல் அந்த நிலத்தில் 1,31,000 ஆடுகள் மேய்ந்தன. குடிசைகள் கொளுத்தப்பட்டன. விரட்டப்பட்டவர்களுக்குக் கடலோரத்தில் துண்டு நிலம் கிடைத்தது. அப்படிப்பட்ட கடலோரத்து ஊர்களில் ஒன்று புரோரா. 'கிராஃப்டர்' எனப்படும் சிறு குத்தகைக் குடியானவர்களுக்கு அங்கே லிங்க்ஸில் ஆடு மாடு மேய்க்கும் உரிமை உண்டு. 1891-ல் வந்த கோல்ஃப் மைதானமும் அதே தரையில்தான் இருக்கிறது. குழியைச் சுற்றிய 'கிரீன்' என்னும் மெல்லிய புல்மேடைகளுக்கு மட்டும் மின்சாரக் கம்பி கட்டியிருக்கிறார்கள். மற்ற இடமெல்லாம் பொது.

இந்த மாதிரி மைதானங்களைப் பற்றித்தான், "ஆடு மாடுகளை அகற்றினால் எவ்வளவு நேர்த்தியாக இருக்கும்!" என்று சில கனவான்கள் பெருமூச்சு விடுகிறார்கள். அன்று ஆட்டுக்காக மனிதனை விரட்டினார்கள். இன்று பந்துக்காக ஆட்டை விரட்டச் சொல்கிறார்கள். அன்றும் இன்றும் நஷ்டப்படுகிறவன் ஒருவன்தான்: அந்தச் சிறு குடியானவன்.

மேற்குத் தீவான தென் யுய்ஸ்டில் ஆஸ்கர்னிஷ் என்று ஒரு மைதானம். 1891-ல் நிலச் சொந்தக்காரி கேத்கார்ட் சீமாட்டி அழைத்து, பெயர்பெற்ற டாம் மாரிஸ் வந்து போட்டது. சீமாட்டியின் மாமனார் குளூனி கார்டன், 1851 வாக்கில் தன் தீவுகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலேற்றிக் கானடாவுக்குத் துரத்தியவர். சீமாட்டியோ, பயிரிட நிலமில்லாமல் பக்கத்து வாட்டர்சே தீவில் குடியேறிய பத்துப் பேரை 1908-ல் சிறைக்கு அனுப்பினார். குடியானவனுக்கு உருளைக்கிழங்கு போட இடமில்லை. விருந்தாளிக்குப் பந்தடிக்க இடம் இருந்தது! கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான்.

அந்த மைதானம் பின்னால் மறைந்து போயிற்று. 2005-ல் அதன் சுவட்டைக் கண்டுபிடித்தார்கள். 2006-ல் தீவு மக்களே கம்பெனி அமைத்து 93,000 ஏக்கர் எஸ்டேட்டை விலைக்கு வாங்கினார்கள். 2008-ல் மைதானம் மறுபடி திறந்தது. அப்போதும் சும்மா முடியவில்லை. தங்கள் மேய்ச்சல் உரிமை போகிறதென்று குடியானவர்கள் சிலர் நில நீதிமன்றம் ஏறினார்கள். ஏறியது சரிதான். நிலம் ஊருக்கு வந்துவிட்டது என்பதால் உரிமைக் கேள்வி தானாகத் தீர்ந்துவிடாது. பேசித்தான் தீர்க்க வேண்டும். இன்று அங்கே குளிர்காலத்தில் மாடுகள் மேய்கின்றன. ரசாயன மருந்து போடுவதில்லை. அந்தத் தரையைப் பார்த்து ஆட்டக்காரர்கள் அதிசயிக்கிறார்கள்.

நடமாடும் மணலுக்கு விலங்கு

ஊர் உரிமை இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? அபர்டீன் பக்கத்தில் மெனி கடற்கரையைப் பாருங்கள். காற்றோடு நகரும் பெரும் மணல் குன்று அங்கே இருந்தது. ஃபோவரன் லிங்க்ஸ் என்ற பெயரில் சட்டப் பாதுகாப்புப் பெற்ற இயற்கைச் சின்னம் அது. 2006-ல் அமெரிக்கக் கோடீஸ்வரர் டிரம்ப் அந்த எஸ்டேட்டை வாங்கினார். 100 கோடி பவுன் முதலீடு, 6,000 பேருக்கு வேலை என்று வாக்களித்தார். 2007-ல் கவுண்டி சபையின் கமிட்டி மறுத்தது. 2008-ல் ஸ்காட்லாந்து சர்க்கார் குறுக்கே வந்து அனுமதித்தது. நிலம் விற்க மறுத்த பக்கத்து வீட்டுக்காரர்களின் வீடுகளை மறைத்து மண்மேடுகள் எழும்பின. நகரும் மணலை மாரம் புல் நட்டுக் கட்டிப் போட்டார்கள். 2012-ல் மைதானம் திறந்தது. வாக்களித்த 6,000 வேலை வரவேயில்லை. 2020 டிசம்பரில் அரசின் இயற்கைத் துறையே அந்தக் குன்றின் பாதுகாப்புத் தகுதியை நீக்கியது. ஏன்? பாதுகாக்க அங்கே எதுவும் பெரிதாக மிஞ்சவில்லை!

அங்கேயும் 'இயற்கை லிங்க்ஸ்' என்றுதான் விளம்பரம். இயற்கையின் உயிரே நடமாட்டத்தில் இருந்தது. அதற்கு விலங்கு மாட்டிவிட்டு அதன் பெயரில் சீட்டு விற்கிறார்கள். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை கேட்டிருக்கிறோம். இங்கே ஓநாய் சீட்டும் விற்கிறது!

எதிர்வாதங்கள்

எதிர்த்தரப்பார் சொல்வதில் நியாயமே இல்லையா? உண்டு. ஈரக் காலத்தில் மாட்டுக் குளம்பு புல்மேடையைக் குத்திக் கிழிக்கும். அளவுக்கு மிஞ்சி ஆடு விட்டால் மணல் குன்றின் பூச்செடிகள் அழியும். இதை யாரும் மறுக்கவில்லை. அதற்குப் பரிகாரம் எண்ணிக்கையும் காலமும் வரையறுப்பது. ஒரு வீட்டுக்கு இத்தனை ஆடு, இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை என்று மேய்ச்சல்காரர்கள் கூடி முறை வகுத்துக்கொள்வது அந்த நாட்டில் பழைய வழக்கம். புல்மேடைக்குக் கம்பி போதும். குளம்புக் குழியில் விழுந்த பந்தை எடுத்து வைத்து ஆட விதியிலே இடம் செய்யலாம். பரிகாரம் இவ்வளவு எளிதாக இருக்கும்போது, மேய்ச்சலையே ஒழி என்று கேட்பதன் உள்நோக்கம் புல் அல்ல, நிலம்.

"மைதானத்து வருமானத்தில்தானே ஊர் பிழைக்கிறது?" என்பது இன்னொரு வாதம். வருமானம் வரட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் அந்த விருந்தாளிகள் ஏன் வருகிறார்கள்? பச்சைக் கம்பளம் அவர்கள் ஊரிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறது. அவர்கள் தேடி வருவது இந்தக் கரடுமுரடையும், இந்தப் பழுப்பையும், இந்த ஆட்டு மந்தையையும்தான். ஆட்டை விரட்டித் தரையைக் கம்பளமாக்கினால், நாளைக்கு அவர்கள் வருவதற்கே காரணம் இருக்காது. பொன் முட்டையிடும் வாத்தை அறுப்பதற்கு இதைவிடச் சுருக்கு வழி இல்லை.

ஆகவே நாம் சொல்வது இது. லிங்க்ஸ் மைதானத்தின் புல்லைக் காப்பாற்ற வேண்டுமா? அதில் மேய்கிறவனின் உரிமையைக் காப்பாற்று. தண்ணீர்க் குழாயையும் உர மூட்டையையும் குறை. புல் பழுப்பானால் பதறாதே. ஞாயிற்றுக்கிழமை உலாவ வருகிறவனுக்கும், பொதுவழியில் நடக்கிறவனுக்கும் நின்று வழிவிடு. மணலை நகர விடு. எத்தனை ஆடு, எத்தனை மாடு, எந்தக் காலம் என்பதை மேய்ச்சல்காரர்களும் மைதானத் தொழிலாளிகளும் ஆட்டக்காரர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து தீர்மானிக்கட்டும்.

ஆட வருகிறவர்கள் வரட்டும், ஆடட்டும், காற்றோடும் மணலோடும் மல்லுக்கட்டி மகிழட்டும். ஆனால் வந்தவர்கள் விருந்தாளிகள். வீட்டுக்காரனின் ஆட்டை வெளியே கட்டு என்று சொல்லும் உரிமை விருந்தாளிக்குக் கிடையாது.